கனவுக்கு 223 குறிப்புகள்

சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியபோது, அங்கே ஒரு பகல் நமது 14 நாள்களுக்கு ஏறக்குறையச் சமம் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தியாயிற்று. அந்த நெடும்பகலின் வெப்பத்தையும் அதைத் தொடரும் இரவின் கடுங்குளிரையும் 1609-லேயே ஒருவர் கதையாக எழுதி வைத்திருந்தார். கோள்களின் இயக்க விதிகளைக் கண்டறிந்த ஜொஹான்னஸ் கெப்ளர்தான் அவர். கனவு என்று பொருள்படும் 'சோம்னியம்' அந்நூலின் பெயர். அறிவியல் புனைகதையின் முன்னோடி என்று பலரும் கருதும் அச்சிறுநூலை அண்மையில் மீண்டும் படித்தேன். விண்வெளிக் கதையென்று கையில் எடுத்த நான், மத உரிமையைப் பற்றியே அதிகம் யோசிக்க நேர்ந்தது.

கெப்ளர் 1571-இல் ஜெர்மனியின் வைல் டெர் ஷ்டாட் என்ற சிற்றூரில் பிறந்தவர். கூலிப்படை வீரரான தந்தை வீடு தங்கியதில்லை. மூலிகை மருத்துவம் அறிந்த தாய் கத்தரீனாதான் 1577-இல் தோன்றிய வால்மீனைச் சிறுவனுக்குக் காட்டினார். டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, நிலவில் நிற்பவருக்கு வானம் எவ்வாறு தோன்றும் என்று ஓர் ஆய்வுரை எழுதினார் கெப்ளர். அதை அவையில் விவாதிக்க அனுமதி கிடைக்கவில்லை. அந்த உரையே பிற்காலத்தில் கதையாயிற்று.

லூத்தரன் கிறிஸ்தவரான அவர், கிராஸ் நகரில் கணித ஆசிரியராக இருந்தார். கத்தோலிக்க ஆட்சியாளர் அங்கே பிற பிரிவினரை ஒடுக்கத் தொடங்கினார். 1599-இல் தம் கைக்குழந்தையைக் கத்தோலிக்கக் குருவைத் தவிர்த்து அடக்கம் செய்ததற்காகக் கெப்ளர் தண்டம் கட்டினார். மறு ஆண்டு, மதம் மாறு, அல்லது ஊரைவிட்டு வெளியேறு என்ற ஆணை வந்தது. அவர் வெளியேறினார்.

சோதனை அத்துடன் முடியவில்லை. பிராகா நகரில் பேரரசரின் கணிதராக விளங்கிவிட்டு 1612-இல் லின்ஸ் நகருக்குச் சென்றபோது, அங்கிருந்த சொந்தச் சபையே அவருக்குத் திருவிருந்தை மறுத்தது. சபையின் கொள்கை அறிக்கையில் ஒரு கூற்றை அவர் மனம் ஏற்கவில்லை. கால்வினியர்களைக் கண்டிக்கவும் ஒப்பவில்லை. எதிர்த்தரப்பு ஊரைவிட்டுத் துரத்திய மனிதரைத் தன் தரப்பு பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது. எனினும் இறுதிவரை அவர் லூத்தரனாகவே வாழ்ந்தார்.

மத உரிமை என்றதும் இன்று நாம் இரு சமயத்தாருக்கு இடையிலான வழக்காகவே அதைப் பேசுகிறோம். தேர்தல் மேடைகள் அந்தக் கணக்கையே போடுகின்றன. நம் அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவோ மனசாட்சிச் சுதந்திரத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் சமயத்தைப் பின்பற்றும் உரிமைக்கு வருகிறது. அதையும் தனி மனிதர் ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. சொந்தச் சமயத்துக்குள் நின்றுகொண்டே ஒரு வரியை ஏற்க மறுப்பவருக்கு யார் துணை? எந்தக் கட்சியும் இக்கேள்வியை விரும்பி எடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். அதன் நாயகன் ஐஸ்லாந்துச் சிறுவன். தாய் மூலிகை விற்பவள், ஆவியை அழைக்கத் தெரிந்தவள். கிரகண வேளையில் பூமியின் நிழல் வழியே நிலவுக்குச் செல்லும் வகையை அந்த ஆவி விவரிக்கிறது. நிலவில் வாழ்வோர் தம் நிலம் அசையாதது என்றும், வானில் தொங்கும் பூமியே சுழல்கிறது என்றும் நம்புகின்றனர். நம் நம்பிக்கையை அப்படியே திருப்பிக் காட்டிய குறும்பு இது.

கையெழுத்துப் படி ஒன்று 1611 வாக்கில் வெளியே போய்விட்டது. நான்கு ஆண்டுகளில் கத்தரீனாமீது சூனியக்காரி என்ற பழி விழுந்தது. அவர் கொடுத்த பானத்தால் நோயுற்றதாக ஊர்ப் பெண்ணொருத்தி கூறினாள். கதையில் வரும் தாயைத் தம் தாயென்று ஊரார் படித்துவிட்டனர் என்றே கெப்ளர் நம்பினார். வழக்கின் வேர் உள்ளூர்ப் பகைதான் என்பர் ஆய்வாளர். நானும் அப்படியே கருதுகிறேன். ஆயினும் கற்பனையை வாக்குமூலமாகப் படிக்கும் கூட்டத்தின் கண்முன் எழுதுவது என்னவென்று அவர் அறிந்திருந்தார். நாமும் அறிவோம். சூனியப் பழியைத் தடுக்க பிகாரில் 1999-இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததே!

எழுபது வயதைக் கடந்த அத்தாய் 14 மாதம் விலங்கிடப்பட்டுக் கிடந்தார். மகன் தம் பணிகளை விட்டு வந்து, நோய்களுக்கெல்லாம் இயற்கைக் காரணங்களைக் காட்டி நீண்ட எதிர்வாதம் எழுதினார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டியும் கத்தரீனா குற்றத்தை ஒப்பவில்லை. 1621-இல் விடுதலையானார்; மறு ஆண்டே மறைந்தார்.

அதற்குப் பின்னும் கெப்ளர் அக்கதைக்குக் குறிப்புகள் எழுதிக்கொண்டே இருந்தார். மொத்தம் 223. கதையைவிட அவை நீளம். எது வானியல், எது விளையாட்டு என்று வரிக்கு வரி விளக்கம் சொல்கிறார். புனைவெழுத்தாளர் ஒருவர் தம் கற்பனைக்கு இவ்வளவு சாட்சி சொல்ல வேண்டியிருந்ததைப் படிக்கையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பதாண்டுப் போரின் நடுவே, 1630 நவம்பரில், ரேகன்ஸ்பர்க் நகரில் அவர் இறந்தார். கல்லறையும் அந்தப் போரிலேயே அழிந்தது. அச்சில் பாதியில் நின்ற 'சோம்னியம்' நூலை மருமகன் தொடர்ந்தார், அவரும் இறந்தார். கைம்பெண்ணான சிற்றன்னை கையில் காசில்லாமல் வந்து கேட்டுக்கொண்டதால், மகன் லூட்விக் 1634-இல் அதை முடித்து வெளியிட்டார்.