பாரதியாரும் விவாகப் பிராயமும்

பெண்ணின் விவாகப் பிராயத்தைச் சட்டசபை நிர்ணயிப்பதாக ஜனங்கள் எண்ணுகிறார்கள். அதை முதலில் நிர்ணயிப்பது வீடு. ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியாரின் ஜீவிய சரித்திரமே இதற்குப் போதிய சான்றென்று நாம் கருதுகிறோம்.

பாரதியார் 1882 டிசம்பர் 11ந் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். 5 வயதில் தாயை இழந்தார். 1897ல், தமது 14வது வயதில், 7 வயதுச் செல்லம்மாளை விவாகம் செய்துகொண்டார். பெற்றோர் அதைத் தீங்கென்று எண்ணிச் செய்யவில்லை, குலாசாரம் அவ்விதமிருந்தது. அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பு, 1891ல், பெண்ணின் சம்மதப் பிராயத்தைச் சர்க்கார் 10லிருந்து 12 ஆக உயர்த்தியபோது, அந்நியன் நம் குடும்ப விஷயத்தில் தலையிடலாகாதென்று திலகர் பெருமான் எதிர்த்தார். ஆனால் சென்னையில் ஸ்ரீ ஜி. சுப்பிரமணிய ஐயரோ, விதவையான தம் இளம் புதல்விக்கு 1889லேயே பம்பாயில் மறுமணம் செய்வித்திருந்தார்.

1904ல் ஐயரின் சுதேசமித்திரனில் பாரதியார் சேர்ந்தார். ராஜீய விஷயத்தில் திலகரைக் குருவாகக் கொண்டவர், ஸ்திரீகள் விஷயத்தில் ஐயரின் வழியே சென்றார். காசிவாசமும் நிவேதிதா தேவியாரின் சந்திப்பும் அவர் மனத்தைப் பக்குவப்படுத்தின. பெண்ணுக்குப் பருவம் வருமுன் மணம் கூடாது, அவள் விரும்பாத புருஷனை வற்புறுத்தலாகாது என்று அவரது வசனங்கள் இடித்துரைத்தன. பால்ய விவாகத்தில் வளர்ந்தவரே அதைக் கண்டித்தாரென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1908 முதல் 1918 வரை பாரதியாருக்குப் புதுவை அடைக்கலம் தந்தது. பிள்ளைச்சாவடி போன்ற எல்லைக் கிராமங்களில் சிறிது தூரம் நடந்தாலே ஆட்சி மாறிய காலம் அது. ஆங்கிலேயரின் வாரண்டு எல்லையோடு நின்றது. பிற்காலத்தில் அதே எல்லை வேறொரு காரியத்துக்கும் பயன்பட்டது! பெண்ணுக்கு 14 வயதென்று விதித்த சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1ந் தேதி அமலுக்கு வந்ததும், அதற்குத் தப்ப விரும்பினோர் பிரெஞ்சு எல்லைக்குள்ளும் சமஸ்தானங்களுக்குள்ளும் சென்று சிறுமிகளுக்கு மணம் முடித்தனர். இதைத் தடுக்கவே 1938ல் சட்டம் திருத்தப்பட்டது. பிரெஞ்சு சர்க்காரோ, 1819ம் வருஷத்து உத்தரவின்படி, ஹிந்துக்களை அவரவர் ஆசாரத்துக்கே விட்டிருந்தது. ஆயினும் அம்மண்ணிலேயே, 1881ம் வருஷத்து உத்தரவின்படி ஜாதியாசாரத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் பெண்களுக்கு மணப் பிராயம் 15 ஆயிற்று. ஒரே ஊரில், வளர்ப்பு வேறானால் பிராயமும் வேறாகும் போலும்!

பாரதியார் 1921 செப்டம்பரில் காலமானார். சாரதா சட்டத்தைக் காண அவர் இருக்கவில்லை. 1954ல் புதுவையில் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்து எல்லையும் மறைந்தது. 2012ம் வருஷத்துச் சட்டத்தினால் சம்மதப் பிராயம் தேசமெங்கும் 18 ஆயிற்று. இதைச் செய்தது அந்நியனல்லன்; நமது பார்லிமெண்டே. ஆதலால் திலகர் கூறிய ஆட்சேபத்துக்கு இன்று இடமில்லை. எல்லை கடந்து சட்டத்தை ஏய்த்த மனப்பான்மை மட்டும் எல்லையோடு தானே மறைந்துவிடாது. சட்டம் தண்டிக்கும், மனத்தை மாற்றுவது வளர்ப்பே. பாரதியாரைப் போற்றும் தேசபக்தர் ஒவ்வொருவரும் அவ்வேலையைத் தத்தம் வீட்டிலேயே தொடங்குவாராக.