பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

பட்டினால் வாழ்வார் பட்டின் இயல்பை அறிதல் கடன். பெரணமல்லூரிலும் ஆரணியைச் சூழ்ந்த பிறவூர்களிலும் தறியிற் பாவாகவும் ஊடையாகவும் ஓடும் பட்டிழை புரதம் என்னும் பொருளால் ஆயது. நம் தசையும் தோலும் மயிரும் அப்பொருளாலேயே ஆயின. அப்புரதத்தின் அமைப்பைச் சென்னையிலிருந்தே ஆராய்ந்து உலகப் புகழ் எய்தியவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். அவர் நம் மரபினர் அல்லர். எனினும் நம் சங்கத்துக் குடும்பத்தினர் யாவரும் அறியத்தக்க வாழ்வு அவருடையது.

அவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் எர்ணாகுளத்திற் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மைந்தர் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் கற்று, 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். ஆயினும் உள்ளம் பௌதிகத்தையே நாடிற்று, சர் சி. வி. இராமன் அவரைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று டாக்டர் பட்டம் பெற்று மீண்டவர், 1952-இல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையின் தலைவரானார்.

இனி, புரதமாவது யாது? அமினோ அமிலங்கள் என்னும் நுண்பொருள்களில் இருபது வகை, மணி கோத்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிணைந்து நீண்ட சங்கிலியாவதே புரதம். எம்மணிக்குப்பின் எம்மணி என்னும் வரிசையும், சங்கிலி மடியும் வகையுமே ஒரு புரதத்தை மற்றொன்றினின்று வேறாக்குகின்றன. பட்டிழையிலுள்ள ஃபைப்ராயினில் கிளைசின், அலனைன் என்னும் சிறுமணிகளே மிகுதி. ஆதலின் சங்கிலிகள் நெருங்கி அடுக்கடுக்காய்ப் படிகின்றன. இழையின் வலிமைக்கு அதுவே காரணம். சோப்புநீரிற் கொதிக்கவைத்து நாம் நீக்கும் பசையோ செரிசின் என்னும் பிறிதொரு புரதம்.

சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னால், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று தெரிவித்தார். இராமச்சந்திரன் அதனையே கைக்கொண்டார். சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தினின்று பெற்ற கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, 1954-இல், கோபிநாத் கர்த்தாவுடன் தம் முடிபை வெளியிட்டார். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல முறுக்குண்டதே கொலாஜன் என்பது, அடுத்த ஆண்டில் அவர்கள் திருத்தி நிறுவிய வடிவம். கொலாஜனில் மூன்றாவது மணிதோறும் கிளைசினாக இருப்பதன் காரணமும் இதனால் விளங்கிற்று: மூன்று புரியும் கூடும் நடுவில் அச்சிறுமணியன்றி வேறொன்றுக்கு இடமில்லை.

அப்பொழுது பேரறிஞர்களாகிய கிரிக்கும் ரிச்சும், அவ்வமைப்பில் சில அணுக்கள் தகாத அளவு நெருங்கியுள்ளன என்று குறை கூறினர். அமைப்பின் நுட்பங்களில் அவர்தம் திருத்தம் நின்றது. முப்புரி வடிவமும் நிலைபெற்றது. இராமச்சந்திரன் பூசலிடவில்லை. அணுக்கள் உண்மையில் எத்துணை நெருங்கலாம் என்று, அதுவரை ஆராயப்பட்ட படிகங்களையெல்லாம் தேடி அளவிட்டார். பின்னர்ச் சசிசேகரன், இராமகிருஷ்ணன் என்னும் மாணவர்களுடன் கணக்கிட்டார். சங்கிலியில் மணிதோறும் திரும்பத்தக்க கீல்கள் இரண்டு உண்டு. அவை திரும்பும் கோணங்களில் பெரும்பாலானவற்றில் அணுவோடு அணு மோதும், சிலவே இயலும். இயல்வன இவை, இயலாதன இவை எனக் காட்டும் படத்தை 1963-இல் வெளியிட்டனர். இராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் அதனைக்கொண்டே, புதிதாய்க் காணும் புரத அமைப்புக்கள் பிழையற்றனவா என்று இன்றும் உலகெங்கும் சோதிக்கின்றனர்.

பின்னர் அவர் பெங்களூர் சென்று மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1971-இல், லட்சுமிநாராயணனுடன், எக்ஸ்-கதிர் நிழல்களினின்று உட்பொருளின் வடிவை மீட்டுணரும் கணித முறையொன்றை வகுத்தார். இக்கால ஸ்கேன் கருவிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது. 1977-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். நோபெல் பரிசு அவரை வந்தடையவில்லை. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நம் இளைஞர் இவ்வாழ்வினின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நெசவில் குறை சொல்லக் கேட்டவுடன் சினந்தெழுவார் பலர். தறியில் அமர்ந்து இழை இழையாய் ஆராய்வார் சிலர். இராமச்சந்திரன் பின்னவர் வகையினர். பிறர் கூறிய குறையை ஆராயப் புகுந்தே முன்னதினும் பெரிய உண்மையைக் கண்டார். பட்டை நெய்யும் கையினர் வீட்டுப் பிள்ளைகள் பட்டின் உள்ளமைப்பையும் கற்றுத் தேர்வாராக.