போல் லாஞ்சவன்: போர் பெற்றெடுத்த ஒலி

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்கள் ஒலியை அனுப்பி ஆழம் பார்ப்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நுட்பத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் போல் லாஞ்சவன்.

1872இல் பரிஸில் பிறந்த அவர், அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை ஆராய்ந்த பியர் கியூரியின் மாணவர். முதலாம் உலகப் போரில் ஜேர்மனிய நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாக்கியபோது, குவார்ட்ஸ் படிகத்தை எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து, காதுக்கு எட்டாத ஒலியைக் கடலுக்குள் செலுத்தி எதிரொலியைப் பிடித்தார். அந்த ஒலிக்குள் அகப்பட்ட மீன்கள் செத்தன. கையை வைத்தால் வலித்தது. ஒலி உடலுக்குள்ளும் வேலை செய்யும் என்பது அப்போதே தெரிந்தது.

பாசிசத்தை எதிர்த்த அவரை 1940 ஒக்டோபரில் ஜேர்மனியர் சிறையிட்டனர். ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தில் குண்டு வீசிய 1942இல், அவருடைய மருமகன் ஜாக் சொலமனைச் சுட்டுக் கொன்றனர். மகள் எலன் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பினார். லாஞ்சவன் 1946இல் காலமானார்.

இன்று மண்டையோட்டைத் திறக்காமலே, ஒரு புள்ளியில் குவித்த ஒலியை மூளைக்குள் செலுத்துகிறார்கள். இரத்தத்தில் விட்ட நுண்குமிழிகள் அந்த ஒலியில் அதிரும். வெளியிலுள்ள உணரிகள் எதையும் அனுப்பாமல் அந்த அதிர்வைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். எங்கே அதிர்கிறது என்று கணினி படம் வரையும். குமிழிகள் வெடித்துச் சிதறும் இரைச்சல் கேட்டால் ஒலியின் வலுவைக் குறைப்பார்கள். இந்தக் கேட்கும் முறை பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது.

போருக்காகச் செய்தது ஒருநாள் மருந்தாகலாம். போர் கொண்டுபோனவர்களை அது திருப்பித் தராது. அதை எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.