பகத் சிங் குண்டு வீசியபோது அவைத் தலைவராக இருந்தவர் யார்? வித்தல்பாய் பட்டேலின் கதை

1929 ஏப்ரல் 8. டெல்லியில் மத்திய சட்டசபைக்குள் பகத் சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் குண்டு வீசியது நம்ம எல்லாருக்கும் தெரியும். சரியாக அந்த நேரத்தில் ஒரு மசோதா பற்றிய தன் முடிவை அறிவிக்க எழுந்தவர்தான் அவைத் தலைவர் வித்தல்பாய் பட்டேல். சர்தார் பட்டேலின் அண்ணன்.

யார் இவர்?

1873-ல் குஜராத்தில் பிறந்த வக்கீல். தம்பி வல்லபாய் லண்டனில் பாரிஸ்டர் படிக்க ஏற்பாடு செய்திருந்தார். இருவருக்கும் ஒரே இனிஷியல் என்பதால், மூத்தவன் முதலில் போகிறேன் என்று அண்ணன் கேட்க, தம்பி விட்டுக்கொடுத்தார்.

சட்டசபையின் முதல் தலைவர் பிரெடெரிக் வைட், அரசு நியமித்தவர். 1925-ல் முதன்முறையாக உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னையைச் சேர்ந்த டி.ரங்காச்சாரியாரை இரண்டே ஓட்டில் வென்றார் வித்தல்பாய். ஜெயித்ததும், தான் இருந்த சுயராஜ்யக் கட்சியிலிருந்து விலகிக்கொண்டார்.

அரசோடு என்ன மோதல்?

வெளிநாட்டு கம்யூனிஸ்டுகளை நாடு கடத்த பொதுப் பாதுகாப்பு மசோதாவை 1928-ல் அரசு கொண்டுவந்தது. ஓட்டு சரிசமமாக விழுந்தது. தலைவருக்குரிய ஓட்டை மசோதாவுக்கு எதிராகப் போட்டார் வித்தல்பாய். மசோதா தோற்றது.

அரசு விடவில்லை. 1929-ல் மறுபடியும் கொண்டுவந்தது. அதற்குள் தொழிற்சங்கத் தலைவர்கள் மீதான மீரட் சதி வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. வழக்கைத் தொடாமல் மசோதாவை விவாதிக்கவே முடியாது. அதனால் வழக்கை வாபஸ் வாங்குங்கள், இல்லாவிட்டால் மசோதாவைத் தள்ளிவையுங்கள் என்றார் வித்தல்பாய். அரசு இரண்டையும் மறுத்தது. குண்டு வெடித்த மூன்றாம் நாள், ஏப்ரல் 11 அன்று, விவாதத்துக்கே அனுமதி கிடையாது என்று அறிவித்தார்.

அப்புறம் என்ன ஆச்சு?

வைஸ்ராய் இர்வின் அவசரச் சட்டம் போட்டு நினைத்ததைச் சாதித்துக்கொண்டார். அப்படின்னா வித்தல்பாய் தோத்துட்டாரா? அப்படிச் சொல்ல முடியாது. அன்றைய சட்டசபையால் அரசைக் கவிழ்க்க முடியாது. அது நிராகரித்ததையும் வைஸ்ராய் சட்டமாக்கலாம். ஆனால் மக்கள் பிரதிநிதிகளின் சம்மதத்தோடு வந்த சட்டம் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பை அரசுக்கு அவர் தரவில்லை.

இன்னொரு சண்டையில் முழுசாகவே ஜெயித்தார். சபையின் அலுவலர்கள் அதுவரை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். கேள்வி கேட்கும் சபைக்கு, பதில் சொல்ல வேண்டிய அரசே ஊழியர்களை வைத்திருந்தால் எப்படி? அவர் விடாமல் வற்புறுத்தியதால் 1929 ஜனவரியில் சபைக்கெனத் தனிச் செயலகம் உருவானது. இன்றைய மக்களவைச் செயலகத்தின் தொடக்கம் அதுதான். அரசியல் சட்டத்தின் 98-வது பிரிவு இந்தத் தனிச் செயலகத்துக்கு உத்தரவாதம் தருகிறது.

1930-ல் பதவியை ராஜினாமா செய்தார், சிறை சென்றார். உடல்நலம் கெட்டு ஐரோப்பா போனவர், 1933 அக்டோபர் 22-ல் ஜெனீவா அருகே காலமானார்.

அவசரச் சட்டம் போடும் அதிகாரம் 123-வது பிரிவாக இன்றும் இருக்கிறது. ஆளும் தரப்புக்கு முடியாது என்று சொல்லும் துணிச்சல் அவைத் தலைவருக்கு உண்டா என்ற கேள்வியும்தான்.