முயலின் குடலில் விடை கண்ட மருத்துவர்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் சிவகிரியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். அருவியில் குளித்துப் பசியோடு வருவோர்க்குக் கோழிக்குழம்பு இல்லாமல் விருந்தா? மதியம் பெரிய சட்டியில் மிஞ்சியது அப்படியே இரவுக்கும் இருக்கும். ஒரு முறை மறுநாள் வீடே வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தது. கண்திருஷ்டி என்றார் ஆச்சி. கிருமி என்றேன் நான். கண்ணுக்குத் தெரியாத கிருமி உடம்பின் நீரை எப்படி வடிக்கிறது என்று ஆச்சி திருப்பிக் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடியவரே வங்கத்து மருத்துவர் சம்புநாத் டே.

1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்றார்; இலண்டன் சென்று 1949-இல் முனைவரானார். திரும்பி வந்ததும் காலராவைக் கையில் எடுத்தார்.

காலராக் கிருமியை இராபர்ட் கோக் கல்கத்தாவில் 1884-இலேயே ஆராய்ந்திருந்தார். அது உயிரைப் பறிக்கும் வழிதான் விளங்கவில்லை. விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். மனிதருக்கு வருவது போன்ற பேதி வரவில்லை. நோய் குடலில் நடக்கிறது, குடலிலேயே பார்ப்போம் என எண்ணினார் டே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, நடுவே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அத்துண்டு நீரால் உப்பிக் கிடந்தது! ஆண்டு 1953. நூல், ஊசி, முயல். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்கூட இவற்றைவிட அதிகக் கருவிகள் உண்டு. 1959-இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. நீரை வடிப்பது கிருமி சுரக்கும் நஞ்சு என்பது உறுதியாயிற்று.

காலராவுக்கும் கோழிச்சட்டிக்கும் என்ன உறவு? டேயின் முயற்குடல் சோதனையைப் பிறர் உணவு நஞ்சாக்கும் கிருமிகளுக்கும் பயன்படுத்தினர். கோழிக்குடலில் வாழும் சால்மொனெல்லா அவற்றுள் ஒன்று. இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸை எட்டினால் அது மடியும். ஆனால் பச்சைக் கோழியை அரிந்த அரிவாள்மனையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்கினால் மீண்டும் இலைக்கு வந்துவிடும். குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் இன்னும் பொல்லாதது. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய சட்டியில் குழம்பு மெல்ல ஆறும்போது விழித்துப் பல்கிப் பெருகும். உண்டபின் நம் குடலில் நஞ்சைக் கக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுவாகவே இருக்கலாம். இப்போது மிஞ்சிய குழம்பை அகலப் பாத்திரங்களில் பிரித்து ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, இரவில் தளதளவெனக் கொதிக்க வைத்தே பரிமாறுகிறோம். ஆச்சி திருஷ்டியும் கழிக்கிறார். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

டே 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்கு அவரை அழைத்தது. அவர் வாழ்ந்த காலத்தில் இந்திய அறிவியல் கழகம் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை என்பது எண்ண எண்ண வெட்கம் தருகிறது. 1985 ஏப்ரல் 15-இல் மறைந்தார். ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் அவருக்கெனச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990-இல்.