தன்னை எண்ணாத சீடர்

கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்குச் செல்வோர், அக்கோயிலை எழுப்பிய வீரமாமுனிவரைத் தேம்பாவணி பாடிய புலவராகவே நினைவுகூர்வர். நம்மைச் சிரிக்க வைத்தவரும் அவரே.

1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, இயேசு சபைக் குருவாகி 1710-இல் இந்தியா வந்தார். காவியம், இலக்கணம், சதுரகராதி என உழைத்தவர், தமிழ் கற்போருக்காகப் பேச்சுநடையில் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடக்கிறார்கள். எண்ணுகிற சீடர் தன்னை எண்ணவில்லை. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒரே அழுகை! வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கொரு அடி கொடுத்து எண்ணிய பிறகே அறுவரும் இருப்பது தெரிகிறது. ஒரு குருவானவரே குருவைக் கேலி செய்தது வியப்புத்தான்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் நத்தானியேல் ஹாதோர்னும் பக்தர்களைப் பற்றியே எழுதினார். 1692-இல் சேலம் நகரச் சூனிய வழக்குகளை விசாரித்தவர்களில் அவருடைய மூதாதையர் ஒருவரும் உண்டு. பியூரிட்டன் என்ற கடும் ஒழுக்கச் சபையினரின் உள்ளத்தில் ஒளிந்திருந்த பாவத்தை அவர் சிறுகதைகள் காட்டுகின்றன. அவற்றைப் படித்தால் நெஞ்சு நடுங்கும். முனிவரிடம் முதலில் சிரிப்பு. பிறர் குறைகளை எண்ணுகையில் நம்மை விட்டுவிட்டோமே என்பது பிறகுதான் உறைக்கும்.

முனிவர் 1747-இல் இறைவனடி சேர்ந்தார். 1822-இல் அக்கதை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சேறியது. இங்கே பிள்ளைகள் இன்றும் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.