டார்வின் வரைந்த மரம்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முதுமொழி. ஆனால் சார்லஸ் டார்வின் என்னும் பயிரின் முளையைக் கண்டு, மருத்துவராக இருந்த அவருடைய தந்தை கவலையே கொண்டார். 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்த டார்வின், எட்டு வயதில் தாயை இழந்தார். பள்ளிப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. வேட்டையிலும் பூச்சிகளைச் சேகரிப்பதிலுமே பொழுது கழிந்தது. மருத்துவம் கற்க எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டார். அறுவைக்கு மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைக் காணப் பொறாது வெளியேறியவர், பின்னர் மருத்துவக் கல்வியையே கைவிட்டார். அடுத்து, சமயகுருவாகும் எண்ணத்துடன் கேம்பிரிட்ஜில் பயின்றார். அங்கே தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் அன்பு அவருக்குக் கிடைத்தது. அந்த ஆசிரியரின் பரிந்துரையே மாணவரை உலகம் சுற்ற வைத்தது.

1831 டிசம்பர் 27 அன்று ‘பீகிள்’ கப்பலில் புறப்பட்ட டார்வின், 1836 அக்டோபரில்தான் தாயகம் திரும்பினார். 1835-இல் காலபாகஸ் தீவுகளில் அவர் பல பறவைகளைச் சேகரித்திருந்தார். பறவையியல் வல்லுநர் ஜான் கூல்டு 1837-இல் அவற்றை ஆராய்ந்தார். வெவ்வேறு தீவுகளில் பிடித்த மாக்கிங்பேர்டு பறவைகள் ஒரே சிற்றினத்தின் வகைகள் அல்ல, மூன்று தனித்தனிச் சிற்றினங்கள் என்று அவர் முடிவு கூறினார். டார்வின் சிந்தனையில் ஆழ்ந்தார். தீவுக்கு ஒன்றாக இவை தனித்தனியே படைக்கப்பட்டனவா? அல்லது ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள்தாம் தீவுதோறும் வேறுபட்டு நின்றனவா?

அவ்வாண்டு கோடையில் தொடங்கிய ஒரு குறிப்பேட்டின் 36-ஆம் பக்கத்தில் விடை உருவாயிற்று. அது ஒரு சிறு மரத்தின் படம். அடியில் ஒரு வேர். அதிலிருந்து பிரிந்து பிரிந்து செல்லும் கோடுகள். சில கோடுகளின் நுனியில் சிறு குறுக்குக் கோடு உண்டு. அவை இன்று வாழும் இனங்கள். குறுக்குக் கோடு இல்லாதவை அழிந்தொழிந்த இனங்கள். அழிவும் இருந்தால்தான் கணக்குச் சரியாகும் என்று அருகிலேயே எழுதி வைத்தார்.

இம்மரத்தைப் படிப்பது எப்படி? இரண்டு உயிர்களின் உறவை அறிய, நுனிகளுக்கு இடையே உள்ள தொலைவைப் பார்த்தால் போதாது. அவை பிரிந்த கவைக்கு இறங்கிச் செல்ல வேண்டும். உடன்பிறந்தாருக்குப் பெற்றோரிடத்தில் கவை. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்குப் பாட்டனாரிடத்தில் கவை. கவை எவ்வளவு அண்மைக் காலத்ததோ உறவும் அவ்வளவு நெருக்கம். தமிழில் ‘கிளை’ என்னும் சொல் மரத்தின் பிரிவையும் குறிக்கும், சுற்றத்தையும் குறிக்கும். டார்வினின் படம் சொல்வதும் அதுவே அன்றோ!

எனினும் அவர் அதை உடனே வெளியிடவில்லை. 1839-இல் அவர் மணந்த எம்மா ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். 1844-இல் தம் கொள்கையை விரிவாக எழுதிய டார்வின், தாம் இறந்தால் 400 பவுன் செலவிட்டு அதை வெளியிடுமாறு கடிதம் எழுதி வைத்தார். தம் கருத்தால் எவர் மனம் வருந்துமோ, அந்த எம்மாவிடமே பொறுப்பையும் ஒப்படைத்தார். பிறகு எட்டாண்டுகள், பாறைகளிலும் கப்பல் அடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள்களை ஆராய்ந்தார். ஓட்டைப் பார்த்துச் சிப்பி வகை என முன்னோர் கருதிய உயிர் அது. அதன் இளம்பருவமோ அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு என்று காட்டியிருந்தது. தோற்றம் வேறு, கிளை வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டோ?

இவ்வாய்வுக் காலத்தில், 1851 ஏப்ரலில், பத்து வயது மகள் ஆனி இறந்தாள். அத்துயரம் டார்வினை இறுதிவரை விட்டு அகலவில்லை. 1858 ஜூனில் மலாய்த் தீவுகளிலிருந்து ஆல்பிரட் ரசல் வாலஸ் அனுப்பிய கட்டுரை வந்தது. தாம் இருபதாண்டு எண்ணியதையே அவரும் கண்டிருந்தார்! அம்மாத இறுதியில் டார்வினின் கைக்குழந்தையும் இறந்தது. ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாகப் படிக்கப்பட்டன. இருவருமே அங்கு இல்லை.

1859 நவம்பர் 24 அன்று ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. அப்பெரிய நூலில் இருந்த படம் ஒன்றே ஒன்று. அது கிளைவிடும் படமே. பதினொரு சிற்றினங்களில் தொடங்கும் அப்படத்தில், பதினாலாயிரம் தலைமுறைகளுக்குப் பின் மூன்றின் வழியினர் மட்டுமே எஞ்சிப் பதினைந்து இனங்களாகப் பெருகியிருப்பர். மற்ற எட்டும் பட்டுப்போன கிளைகள்.

டார்வின் உறுப்புகளையும் புதைபடிவங்களையும் கொண்டு ஊகித்த கிளைகளை இன்றைய அறிஞர் டி.என்.ஏ.வைக் கொண்டும் ஆராய்கின்றனர். மீனைப் போல் நீந்தும் திமிங்கிலத்துக்கு, இன்று வாழும் உயிர்களுள் மிக நெருங்கிய உறவு நீர்யானை. பல்லியைப் போல் தோன்றும் முதலைக்கோ, பறவைகள் நெருங்கிய சுற்றம். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று டார்வினைக் கேலி செய்வோர் உண்டு. மரம் சொல்வது அதுவன்று. இன்றைய சிம்பன்சி நம் பாட்டனார் அல்லர். நமக்கும் அதற்கும் பாட்டனார் ஒருவர். உயிர்கள் ஏணியின் படிகளாக நிற்கவில்லை. கிளைகளின் நுனிகளாக நிற்கின்றன. அங்கே மனிதன் உச்சிப்படியும் அல்லன், புழு அடிப்படியும் அன்று.

1882 ஏப்ரல் 19 அன்று டார்வின் மறைந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய குறிப்பேட்டின் கதை அத்துடன் முடியவில்லை. 2001-இல் அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உரிய இடத்தில் காணப்படவில்லை. களவு போயிற்று என்று 2020-இல் அறிவித்தனர். 2022 மார்ச்சில், யாரோ ஒரு பையில் வைத்து நூலகத்திலேயே விட்டுச் சென்றனர். பக்கங்கள் கெடாமல் மரமும் திரும்பி வந்தது.

தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று, உயிர்களின் கொடிவழி என்று காட்டியவர் டார்வின். அடுத்த முறை அப்பட்டியலைப் புரட்டும்போது, நாம் படிப்பது நம் சொந்தக் குடும்பத்தின் வரலாறு என்பதை நினைவிற் கொள்வோமாக!